எந்த அப்பிள் எதுவரை தாங்கும் என்று எழுதி வையுங்கள்

ரொறன்ரோவைச் சுற்றி நாங்கள் வாங்கியிருக்கும் வீடுகள் பலவற்றில் முன்வாசல் படிக்குக் கீழே ஒரு சீமெந்து அறை இருக்கிறது. வீட்டுச் சூடு அங்கே எட்டாது. வெளிச்சுவரில் காற்றுப் போய்வரத் துவாரம் இருக்கும். குளிர்காலத்துக்குப் பழமும் கிழங்கும் சேமிக்க ஏற்ற இந்தக் ‘கோல்ட் றூமில்’ எங்கள் சனம் பழைய சப்பாத்துகளை அடுக்குகிறது. போமன்வில் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளோடு போய்ப் பிடுங்கிவந்த அப்பிளோ சூடான குசினி மேசையில் கிடக்கிறது. நவம்பர் முடியுமுன் அது மாவாகிவிடும். பிறகு குப்பைதான். எனக்கு இது பொறுக்கவில்லை.

பிடுங்கிய பிறகும் அப்பிள் மூச்சு விடுகிறது. தனக்குள் இருக்கும் இனிப்பையும் புளிப்பையும் தானே செலவழிக்கிறது. 0 பாகைக்குச் சற்று மேலே, ஈரக் காற்றில், அந்தச் செலவு மிகவும் குறையும். ஆனால் -2 பாகையளவில் பழம் உறைந்துவிடும் என்பதால் அறையில் ஒரு வெப்பமானி தொங்கத்தான் வேண்டும். ஜனவரிக் கடுங்குளிரில் நான் துவாரத்தைத் துணியால் அடைத்து, பெட்டிகளைக் கம்பளியால் மூடிவிடுவேன். காம்போடு உள்ள, அடிபடாத பழங்களை மட்டும் தெரிந்து, ஒவ்வொன்றாக வாசித்து முடித்த பத்திரிகைத் தாளில் சுற்றி வைப்பேன். வாரம் ஒருமுறை பார்த்து, பழுதானதை உடனே எடுத்துவிட வேண்டும். அது விடும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் அவசரமாகப் பழுக்கவைக்கும். அதே வாயு கரட்டைக் கசக்கவைக்கும் என்பதால் கரட்டை அந்த அறைக்குள் விடுவதே இல்லை. தொடர்மாடியில் இருப்பவர்கள் சிறு துளைகள் போட்ட பொலித்தீன் பையில் கட்டி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம்.

இவ்வளவும் செய்தாலும், இனம் பிழைத்தால் பயனில்லை. மக்கின்ரோஷ் ஒன்ராறியோவின் சொந்தப் பழம். 1811இல் டண்டேலாவில் ஜோன் மக்கின்ரோஷ் என்ற விவசாயி தன் காணியைத் துப்புரவாக்கும்போது கண்ட கன்றுகளில் தொடங்கியது அதன் பரம்பரை. மணத்தில் அதற்கு நிகரில்லை. ஆனாலும் அது செப்டெம்பரிலேயே பழுத்துவிடும், சதையும் மென்மை. நத்தாருக்கு அப்பால் வீட்டில் அதை நம்ப முடியாது. நோர்தர்ன் ஸ்பை ஒக்டோபர் கடைசியில்தான் மரத்திலிருந்து இறங்கும். அன்று கடித்தால் பல் கூசும். பெப்ரவரியில் எடுத்துப் பாருங்கள், புளிப்புத் தணிந்து அப்போதும் மொறுமொறுவென்று இருக்கும். ஐடா ரெட்டும் அப்படித்தான். பொதுவாகப் பிந்திப் பழுப்பவையே நெடுநாள் தாங்கும்.

கடையில் மே மாதத்திலும் அப்பிள் கிடைக்கிறதே என்பார்கள். அது ஒட்சிசனைக் குறைத்த களஞ்சியங்களின் வேலை. 1920களில் கேம்பிரிட்ஜில் பிராங்க்ளின் கிட், சிறில் வெஸ்ட் இருவரும் செய்த ஆய்விலிருந்து வளர்ந்த முறை அது. பெரிய வியாபாரிக்கு இனமும் தெரியும், காலமும் தெரியும். வீட்டுக்காரருக்குத்தான் யாரும் சொல்வதில்லை. நான் போன தோட்டங்களில் பலகையில் ‘இனிப்பு’, ‘புளிப்பு’, ‘பை சுட நல்லது’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ‘குளிரில் வைத்தால் டிசம்பர் வரை’, ‘மார்ச் வரை’ என்று இன்னொரு வரி எழுதுவதில் அவர்களுக்கு என்ன செலவு? மூட்டையாக வாங்குகிறவர்கள் நாங்கள். காசு கொடுக்குமுன் அந்த வரியைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.