மின்சார மோட்டார் சைக்கிளும் தீவகமும்

2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் மலிவான மின்சார மோட்டார் சைக்கிளை நாடுவதில் வியப்பில்லை. சுருவிலிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே யாழ் நகர் செல்லும் பாதை சமதரை, மின்வண்டிக்கு ஏற்றதே. எண்ணெய்ச் செலவு மீதியாவதும் மெய். ஆனால், ஒரு மின்னேற்றத்தில் நூறு கிலோமீற்றர் ஓடும் என்னும் விளம்பரம், தனியொருவர் மெல்லச் சென்ற கணக்கு. எதிர்க்காற்றில் வெங்காய மூட்டையுடன் செல்லும் கமக்காரனுக்கு அது பொருந்துமா? உப்புக்காற்றோ மின்னிணைப்புகளை அரிக்கும். வண்டியின் உயிர் மின்கலமே. விலையைக் குறைப்போர் முதலிற் கைவைப்பதும் அங்கேதான். மின்கலத்துக்கு எழுத்துமூல உத்தரவாதம் தராதவரிடம் வாங்கவேண்டாம் என்பதே நமது கருத்து. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதியமுடியாத வண்டியும் வேண்டாம். விபத்து நேரின் நட்டஈடு முழுவதும் உரியவர் தலையிலேயே விழும்.