ஒரே பட்டன்... மொத்தப் பெட்டியும் ஆன்!

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். கோடை விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகளுக்காக, தாத்தா ஒரு பிளைவுட் பெட்டி செய்து வைத்திருக்கிறார். அந்தக் கால வீடியோ கேம் சென்டரில் நின்றுகொண்டே விளையாடுவோமே, அதே மாதிரிப் பெட்டி. உள்ளே பழைய கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், பாட்டுக்கு 12 வோல்ட் கார் ஆம்ப்ளிஃபயர், உச்சியில் பெயர்ப் பலகைக்கு எல்.இ.டி. பட்டை.

எல்லாம் சரி. ஆனால், விளையாட நாலு சுவிட்ச் போட வேண்டும். அதில் ஒன்று பெட்டிக்குப் பின்னால், சுவரை ஒட்டி. எட்டு வயதுப் பேரன் இடுக்கில் கையை விட்டுத் துழாவுகிறான்.

“ஏன்னா, குழந்தை கையை உள்ளே விடறான் பாருங்கோ! மிக்ஸி மாதிரி ஒரே சுவிட்ச்ல ஓடாதா?” என்கிறார் பாட்டி.

ஓடும். எந்த சுவிட்ச் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுவர் சுவிட்ச் போதாதா?

எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, சுவர் சுவிட்சைப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். போடுவதில் பிரச்னை இல்லை, அணைப்பதில்தான் வில்லங்கம்.

1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் வந்த பேக்-மேன் போன்ற இயந்திரங்களை நேராக மெயினிலேயே அணைத்தார்கள். அவற்றின் புரோகிராம் அழியாத சிப்பில் இருந்தது. போனது அன்றைய ஹை ஸ்கோர் மட்டும்தான். இன்றைய கம்ப்யூட்டர் அப்படி அல்ல. ஹார்ட் டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், ஃபைல் கெட்டுப்போகலாம். அப்புறம் விளையாட்டு மட்டுமல்ல, அதே டிஸ்க்கில் இருக்கும் கல்யாண போட்டோக்களும் சிக்கலில் மாட்டும்.

வழி கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது

கம்ப்யூட்டரின் முன்பக்க பவர் பட்டனிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் மதர்போர்டுக்குப் போகும். அதில் 230 வோல்ட் கிடையாது. மிகக் குறைந்த மின்னழுத்தம்தான். அந்த ஒயர்களை நீட்டி, பெட்டியின் முன்புறம் ஒரு புஷ் பட்டனில் இணையுங்கள். காலிங் பெல் பட்டன் மாதிரி, அழுத்தினால் சேர்ந்து, விட்டால் பிரிகிற ரகமாக இருக்க வேண்டும். போட்டால் அப்படியே நிற்கும் சாதாரண சுவிட்ச் கூடாது. சில விநாடிகள் தொடர்ந்து அழுத்தியபடி இருந்தால், கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும்.

கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும்தான் அதன் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வரும். கறுப்பு அதன் கிரவுண்ட். எல்.இ.டி. பட்டைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அங்கிருந்தே, நடுவில் ஃப்யூஸ் வைத்து, மின்சாரம் கொடுக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்குள் அடங்குகிறதா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மானிட்டர் சிக்னல் வந்ததும் தானே விழிக்கும், நின்றதும் தூங்கிவிடும்.

விளையாட்டு மென்பொருளைக் கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக ஓடும்படி வையுங்கள். பவர் பட்டனை அழுத்தினால் ‘ஷட் டவுன்’ ஆகும்படியும் செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். இனி ஒரு அழுத்தில் எல்லாம் எரியும். இன்னொரு அழுத்தில் முறையாக அணையும்.

மதியம் கரன்ட் போனால்?

திருச்சியில் பராமரிப்புப் பணிக்காகப் பகலில் மின்தடை அறிவிப்பது வழக்கம்தான். மின்சாரம் திரும்பியதும் தானே ஆன் ஆகும் வசதி பல கம்ப்யூட்டர்களின் பயாஸில் உண்டு. இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம். இல்லையென்றால், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கூடத்தில் பாட்டுச் சத்தம் கேட்கும்! திடீர் மின்தடையைச் சமாளிக்க ஒரு சின்ன யு.பி.எஸ். இருந்தால், முறையாக அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

இவற்றை மறக்காதீர்கள்

* பெட்டிக்குள் போவது ஒரே ஒரு 230 வோல்ட் ஒயராக இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எர்த் உள்ள மூன்று பின் பிளக் அவசியம். உலோகக் கதவு, தகடு இருந்தால் அவற்றுக்கும் எர்த் கொடுக்க வேண்டும்.
* எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.
* 230 வோல்ட் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.
* பின்கதவை ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். காற்றோட்டத்துக்கு மட்டும் துளைகள் போதும்.
* ஊருக்குப் போகும்போது சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

இனி பேரன் பெட்டிக்குப் பின்னால் போக வேண்டியதே இல்லை. பாட்டியும் நிம்மதியாக டிகாக்‌ஷன் இறக்கலாம். ஒரே பட்டன்தானே... ஒருநாள் அவரே வந்து பேக்-மேன் ஆடினாலும் ஆச்சரியமில்லை!