முதல் பஸ்ஸில் வருபவரின் காலைச் சாப்பாடு

யாழ்ப்பாணம் செலவு மிகுந்த நகரமாகிவிட்டது என்று எழுதினால் கொழும்பில் இருப்பவர்கள் சிரிக்கக்கூடும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து இதனை வாசிக்கும் அன்பர்களோ, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற நாட்களில் எல்லாம் மலிவாகத்தானே இருந்தது என்று கேட்பார்கள். பவுணையும் டொலரையும் ரூபாவாக மாற்றிக் கணக்குப் பார்ப்பவருக்கு இலங்கையின் எந்த நகரமும் மலிவானதே. ஒரு நகரம் விலை கூடியதா குறைந்ததா என்று அறிவதற்கு எனக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. விடியற்காலையில் அங்கே வந்திறங்கும் வெளியூரவர், தமது முதற் சாப்பாட்டை எவ்வளவு காசு கொடுத்து, எவ்வளவு தூரம் நடந்து பெறுகிறார் என்பதே அது. செய்தி தேடிப் பல ஊர்களில் அதிகாலையில் இறங்கியதில் வந்த பழக்கம்.

இந்த அளவுகோலின்படி சிங்கப்பூர் மலிவான நகரம். உலகில் வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரங்களின் வரிசையில் அதற்கு ஆண்டுதோறும் முன்வரிசை இடம் கிடைக்கிறது. ஆயினும் தேக்கா சந்தையின் உணவுக்கூடத்தில் காலை வேளையில் தோசையும் தேநீரும் பெறுவதற்கு ஒருவர் செல்வந்தராக இருக்க வேண்டியதில்லை. இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. தெருவோர வியாபாரிகளை விரட்டுவதோடு நின்றுவிடாமல், 1970களில் அந்நாட்டு அரசு தானே கூடங்களைக் கட்டி, தண்ணீரும் கழிவு வாய்க்காலும் அமைத்து, அவர்களை உள்ளே கொண்டுவந்து அமர்த்தியது. அந்த உணவுக்கூடப் பண்பாட்டை 2020 டிசெம்பரில் யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சென்னையில் 2013 இல் அம்மா உணவகம் ஒரு ரூபாவுக்கு இட்லி கொடுத்தது. பெங்களூரில் 2017 ஆகஸ்டில் தொடங்கிய இந்திரா உணவகத்தில் காலை உணவின் விலை ஐந்து ரூபா. அரசியல்வாதிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்ட இத்தகைய திட்டங்கள் ஆட்சி மாறினால் தள்ளாடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பசித்தவர் பெயர்ப்பலகையைப் பார்த்து உண்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருகின்றவர்கள் இருவகையினர். பலாலியில் விமானத்தில் வந்து இறங்குபவர்களும், கொழும்பிலிருந்து குளிரூட்டிய ரயில் பெட்டியில் வருபவர்களும் ஒரு வகை. அவர்களுக்காகக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நகரெங்கும் விடுதிகள் எழுந்துள்ளன. அங்கே இடியப்பமும் பிட்டும் வெள்ளைத் துணி விரித்த மேசையில், பழச்சாறு சகிதம், 'பாரம்பரிய யாழ்ப்பாணக் காலை உணவு' என்ற பெயரோடு வைக்கப்படுகின்றன. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கொடுக்கக்கூடியவர் கொடுக்கிறார், அதனால் இங்கே சிலருக்கு வேலை கிடைக்கிறது.

நான் எழுத வந்தது மற்ற வகையினரைப் பற்றி. வட மாகாணத்தில் உள்ள ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் கிளிநொச்சியின் உட்கிராமங்களிலிருந்தும் கிளினிக் நாளில் இலக்கம் எடுப்பதற்காக முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறார்கள். நெடுந்தீவுக்காரர் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸேறி வருகிறார். வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்ட நீரிழிவு நோயாளி ஒருவர், பரிசோதனை முடிந்தவுடன் உண்ண வேண்டும். அதுவும் உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும். அவருடன் துணைக்கு வந்தவருக்கும் பசிக்கும். நாட்கூலியை விட்டுவிட்டு வந்த இருவர், போய்வர பஸ் கட்டணமும் கொடுத்த பின்னர், கடையில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து இடியப்பம், சம்பல், சொதி, ஒரு வடை, ஒரு தேநீர் என்று கேட்கத் துணிவதில்லை. பணிஸ் ஒன்றை வாங்கி இரண்டாகப் பிய்த்து, பிளேன்ரீயில் தோய்த்து உண்டுவிட்டு வரிசையில் போய் நிற்கிறார்கள். நீரிழிவுக்காரருக்குச் சீனிப் பணிஸ்! வைத்தியர் உள்ளே எழுதிக்கொடுக்கும் உணவு ஆலோசனை வெளியே உள்ள கண்ணாடிப் பெட்டிகளுக்குத் தெரியாது.

கடைக்காரரைத் திட்டுவது எளிது. கணக்கைப் பார்த்தால் திட்ட வாய் வராது. இடியப்பம், சொதி, சம்பல் என்ற மூன்றில் இரண்டு தேங்காயை நம்பியவை. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தாண்டியது. அப்போது பல கடைகளில் சொதி தண்ணீரானதையும் சம்பலில் வெங்காயம் கூடியதையும் நாவுள்ள அனைவரும் அறிவர். அதற்கு முன்னர் எரிவாயு. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று 2021 ஒக்ரோபருக்கு முன்னர் கொழும்பு விலையில் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அதே ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பின்னர் பணவீக்கம் இறங்கியது. ஆனால் பணவீக்கம் இறங்குவது விலை இறங்குவதாகாது. விலை ஏறும் வேகம் தணிந்தது, அவ்வளவே. ஏறிய இடத்திலேயே சாப்பாட்டு விலை குந்திவிட்டது. கூலி அந்த உயரத்துக்கு ஏறவில்லை.

இன்னுமொரு விடயம் உண்டு. நகரத்துக் கடைகள் பலவற்றில் விற்கப்படும் இடியப்பம் அந்தக் கடைகளில் அவிக்கப்படுவதில்லை. ஊர்மனைகளில் பெண்கள், அவர்களிற் பலர் போரில் கணவரை இழந்தவர்கள், நள்ளிரவு கடந்தவுடன் எழுந்து மாக் குழைத்து, பிழிந்து, அவித்து, விடியுமுன் கடைக்கு அனுப்புகிறார்கள். ஒரு தட்டு இடியப்பத்தின் விலையில் அவர்களுக்குப் போய்ச் சேருவது சிறு பங்கு. ஆகவே 'விலையைக் குறை' என்று கடைக்காரரை நெருக்கினால், அந்த நெருக்கடி இறுதியில் போய் விழுவது இடியப்ப உரலைப் பிடித்திருக்கும் கையின் மீதுதான். குறைக்கக்கூடிய செலவு அதுவன்று; கடை வாடகையே அது.

இதற்கு முன்மாதிரி தேடி நாம் சிங்கப்பூருக்குப் போக வேண்டியதில்லை. திருநெல்வேலியில் 'அம்மாச்சி' உணவகம் இருக்கிறது. தெற்கில் 'ஹெல பொஜுன்' என்ற பெயரில் நடப்பவற்றின் வடபுல வடிவம் அது. விவசாயத் திணைக்களம் இடத்தைத் தருகிறது. பெண்கள் தாமே சமைத்து, தாமே விற்று, வருவாயைத் தாமே எடுக்கிறார்கள். குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் உழுந்து வடையும் கண்முன்னே சுடச்சுடக் கிடைக்கின்றன. இடைத்தரகரும் பெருவாடகையும் இல்லாததால் விலை கட்டுப்படியாகிறது. பெண்ணுக்கும் காசு சேர்கிறது. ஆனால் பஸ் நிலையத்தில் இறங்கும் நோயாளிக்குத் திருநெல்வேலி இன்னொரு பஸ் தூரம். பஸ் நிலையமும் பெரியாஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அவ்விரண்டுக்கும் இடையில், காலை ஐந்தரை மணிக்குத் திறக்கும் அத்தகைய கூடம் ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நகரின் மையத்தில் மாநகர சபைக்குச் சொந்தமான கடைகளும் காணிகளும் உண்டு. 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலின் மூலம் சபைக்கு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள். ஒரு கூரை, உட்கார வாங்குகள், கை கழுவத் தண்ணீர், பெண்கள் ஒதுங்கத் துப்புரவான கழிப்பறை: சபை செய்ய வேண்டியது இவ்வளவுதான். சமைப்பதற்குச் சபைக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அருகிலுள்ள கடைக்காரர்களின் பிழைப்புக் கெடும் என்று முறைப்பாடு வரும். பணிஸைப் பிய்த்துத் தின்பவர்கள் அக்கடைகளின் மேசையில் இன்றைக்கும் உட்காருவதில்லை என்பதே அதற்கு என் பதில்.

அன்னதானம் இருக்கிறதே என்று சில அன்பர்கள் எழுதக்கூடும். சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று அழைக்கும் ஊர் இது. அந்த மரபின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அன்னதானம் பெரும்பாலும் நண்பகலுக்குரியது. கோயிலுக்குப் போனால்தான் கிடைக்கும். அன்றியும், காசு கொடுத்து உண்ண விரும்பும் ஒருவரைத் தானம் வாங்க அனுப்புவது நாகரிகமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலும், 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னரும் இங்கே விலைகள் வானத்தில் நின்றன. அன்று சீனியில்லாத் தேநீரைப் பணக்காரரும் குடித்தார், ஏழையும் குடித்தார். இன்று அப்படியல்ல. ஒரே வீதியில் ஒருவருக்குப் பழச்சாறு, மற்றவருக்குப் பாதிப் பணிஸ்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கோயிற் கோபுரங்களுக்கும் பாடசாலை மண்டபங்களுக்கும் நீங்கள் அனுப்பும் பணம் கொஞ்சமல்ல. அந்தக் கூடத்துக்கு அடுப்புகளும் பாத்திரங்களும் வாங்கிக் கொடுக்க ஒரு பழைய மாணவர் சங்கமே போதும். பெயர்க்கல் வைக்க வேண்டுமானால் வையுங்கள், ஆனால் சிறியதாக.

மாநகர சபை அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை டிசெம்பருக்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதில் இதற்கென்று ஒரு வரியாவது இடம்பெறுகிறதா என்று பார்த்து, இல்லையெனில் மீண்டும் எழுதுவேன்.