லேப்ரடாருக்கு வாத்து எதற்கு?

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறான். கறுப்பு, மூன்று மாதம். போன வாரம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, சுட்ட வாத்தை இது தண்ணியில நீந்திப்போய் எடுத்துட்டு வருமாம். யூடியூப்ல பார்த்தேன். நம்ம கழுவெளியில பழக்கலாமா?" என்றான். மரக்காணம் பக்கம் யாரோ பறவை பிடித்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்களாம்.

எனக்குப் பகீரென்றது. அந்த நாயின் வேலையை நானே பார்த்திருக்கிறேன்.

1960களின் கடைசி. திண்டிவனம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பெரியப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. மார்கழி, தையில் ஏரிக்கு நீலச்சிறகி கூட்டமாக வரும். அவர் கரையிலிருந்து சுடுவார். பையன்கள் நாங்கள் டவுசரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் பொறுக்கி வருவோம். ஒருமுறை நான் எடுத்தது சாகவில்லை. இறக்கைதான் ஒடிந்திருந்தது. கரை வரும்வரை அதன் நெஞ்சு என் கையில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அன்று குழம்பு எனக்கு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் போனேன், பொய் சொல்லக் கூடாது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடிவிட்டது. கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பிடித்துத் தருகிறவனிடம் காசு கொடுத்து வாங்கினாலும் வம்புதான் என்று பையனின் அப்பாவிடமே சொல்லிவிட்டேன்.

அதற்காக நாயின் தொழிலைப் பறிக்கக் கூடாது என்பது என் கட்சி. நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் துரத்தப் பிறந்தவை. லேப்ரடாரோ எடுத்து வரப் பிறந்தது. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் உழைத்த வம்சம். அதை மொட்டை மாடியில் கட்டிப்போட்டு பிஸ்கட் கொடுத்துக் கொழுக்க வைப்பதும் கொடுமைதான். அதற்கு வேண்டியது வேலை. வாத்துதான் வேண்டும் என்றில்லை; சுருட்டிக் கட்டிய பழைய துண்டு போதும்.

விழுப்புரத்தில் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவ நண்பர் சொன்ன முறை இது. அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு நடையில் துண்டை உருட்டிவிட வேண்டும். எடுத்த குட்டிக்குத் திரும்பி வர ஒரே வழிதான் இருக்கும். அது ஓடினால் நாம் துரத்தக் கூடாது. எதிர்ப்பக்கம் ஓடினால் அதுவே நம் பின்னால் வரும். வாயிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினால் பல்லை இறுக்கக் கற்றுக்கொள்ளும், அப்புறம் மெதுவாகக் கவ்வும் குணம் போய்விடும். நாலு தடவை போட்டால் போதும், சலிப்பதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். தண்ணீரில் தூக்கிப் போடவே கூடாது. பம்புசெட் வாய்க்காலில் கணுக்கால் ஆழத்தில் நாம் முதலில் இறங்கினால் அதுவும் தானாக இறங்கும். தீபாவளி வேறு வருகிறது. அன்று குட்டியை உள்ளறையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சின்ன வயதில் வெடிக்கு மிரண்ட நாய் ஆயுசுக்கும் மிரளும்.

இன்னொன்றும் சொன்னேன். கார்த்திகையிலிருந்து மாசி வரை எந்த ஏரிக்கரையிலும் அதை அவிழ்த்துவிடாதே. நாய் விளையாட்டாகத்தான் ஓடும். ஆனால் அத்தனை தூரம் பறந்து வந்து இரை தேடுகிற பறவை அதற்குப் பயந்து மறுபடி எழும்ப வேண்டும்.

நேற்று எங்கள் வீட்டு நடையில் துண்டை உருட்டினோம். கவ்வியது, என்னைப் பார்த்தது, அங்கேயே அதன்மேல் படுத்துக்கொண்டது. இன்று சாயங்காலம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.