வெள்ளைச் சீருடைக்கு முன்னால்: தாதியர் பயிற்சிக்குப் புறப்படும் தோட்டத்துப் பிள்ளைகள் எதற்கெல்லாம் தயாராக வேண்டியிருக்கிறது?

2017 மே 12ஆம் திகதி, டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அன்று நோர்வூட் மைதானத்தில் கூடிய கூட்டத்தை மலையகம் இன்னும் மறக்கவில்லை. கட்டடத்துக்குப் பணம் தர ஒரு நாடு கிடைத்தது. ஆனால் அந்தக் கட்டில்களின் அருகே நின்று, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்கும் தாதியை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்க முடியாது. அவர் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ லிந்துலையிலோ ஒரு லயத்தில் பிறந்து, விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் எழுதி, மூன்றாண்டுப் பயிற்சியை முடித்து வர வேண்டும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர்கள். மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளில் இருமொழி நிர்வாகம் நடைபெற வேண்டும் என்று 1999இல் வர்த்தமானி அறிவித்தலும் வந்தது. இருந்தும் இங்குள்ள வைத்தியசாலை வாட்டுகளில் நோயாளி தமிழிலும் தாதி சிங்களத்திலும் பேச, இடையில் சிற்றூழியரோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்ப்பது இன்றும் நடக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்பது தெரியாமலே வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தோட்டத்துப் பிள்ளை தாதியாவதை அந்தக் குடும்பத்தின் முன்னேற்றமாக மட்டும் நான் பார்க்காததற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்தப் பிள்ளை பயிற்சிக் கல்லூரியின் வாசலை மிதிப்பதற்கு முன்பே பாதிப் போராட்டம் முடிந்துவிடுகிறது, அல்லது தோற்றுவிடுகிறது. பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம், வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுகிறோம். உயர்தரப் பெறுபேறு வந்த நாளுக்கும் பயிற்சி தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமா ஒன்று. கண்டி, பதுளை, கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு எனப் பல இடங்களில் இவை உள்ளன. கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவும் உண்டு. இரண்டாவது, பல்கலைக்கழகங்களின் நான்காண்டுத் தாதியியல் பட்டம். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, றுகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு ஆகியவற்றில் இருக்கிறது. நுவரெலியா, கல்வியில் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்டு 5 சதவீத விசேட ஒதுக்கீடு பெறும் மாவட்டங்களில் ஒன்று. எனவே வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமல் விடுவது தவறு. மஹாபொல புலமைப்பரிசில் 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மூன்றாவது வழி தனியார் நிறுவனங்கள். அதற்குப் பிறகு வருகிறேன், அங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

இப்போது வீட்டுக் கணக்கு. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபடி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆகிறது. அதன்மேல் அரசு தரும் வருகை ஊக்குவிப்பு 200. மாதத்தில் 25 பேர் போட்டால் 43,750 ரூபா. அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 3,100 ரூபா போக, 40,650. இது தாளில் வரும் தொகை. கொழுந்து குறைந்த மாதத்தில் 25 பேர் எங்கே கிடைக்கிறது? கிலோ குறைந்தால் அரைப் பேர். சங்கச் சந்தா, தீபாவளி முற்பணக் கழிவு, கோயில் வரி, கடைக்கடன் எல்லாம் போன பிறகு கையில் நிற்பதைக் கொழுந்து கொய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"கட்டணம் இல்லாத படிப்புத்தானே, என்ன செலவு?" என்று கேட்பவர்கள் தோட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போய்வர, துணைக்கு ஒருவரோடு, இரவு தங்கல் உட்படச் செலவு உண்டு. துணைக்குப் போகிறவருக்கு அன்றைய பேரும் போகும். மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ்ப் பிரதிகள், சீருடைத் துணி, தையல்கூலி, வெள்ளைச் சப்பாத்து, படுக்கை விரிப்பு, பெட்டி, புத்தகங்கள் என்று அடுத்தடுத்து வரும். பயிற்சி தொடங்கியதும் கொடுப்பனவு உடனே கைக்கு வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. வங்கிக் கணக்கு, கோப்பு, ஒப்புதல் எல்லாம் நகர்ந்து முதல் பணம் வரும்வரை சொந்தக் கையிருப்பில்தான் ஓட வேண்டும். என் கணிப்பில், மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் போதிய தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவைத்த குடும்பம்தான் நிம்மதியாக இருக்கும்.

அந்தத் தொகை எங்கிருந்து வரும்? அம்மாவின் தோடும் அப்பாவின் சேமலாப நிதியுமே உடனே நினைவுக்கு வரும். சேமலாப நிதியிலிருந்து ஓய்வுக்கு முன் 30 சதவீதம் எடுக்க அனுமதி இருப்பது வீட்டுத் தேவைக்கும் மருத்துவத்துக்கும்தான், பிள்ளையின் படிப்புக்கு அல்ல. இதை அறியாமல் தோட்ட அலுவலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் அலைந்து நாளை வீணாக்குகிறவர்கள் உண்டு. நகையை வங்கியில் அடகு வைப்பது, ஆபத்து குறைந்த கடன் என்பதால் கடைசிக் கைக்காவலாக இருக்கலாம். நுண்நிதிக் கடன் மட்டும் வேண்டாம். வாரம் தோறும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் அந்தக் கடனின் கதை வன்னியிலும் மட்டக்களப்பிலும் வாழும் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்து கைகொடுப்பது சீட்டுத்தான். பிள்ளை உயர்தரம் எழுதும் ஆண்டிலேயே லயத்துப் பெண்கள் பிடிக்கும் சிறு சீட்டில் ஒரு பங்கு சேர்ந்து, கடைசித் தவணைக்காக விட்டுவைத்தால், அழைப்புக் கடிதம் வரும் காலத்துக்கு ஒரு தொகை நிற்கும். இந்திய உயர்ஸ்தானிகராலயம் நடத்திவரும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில் ஒன்றும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என்பதற்கான ஆவணங்களோடு, அறிவித்தல் வரும் காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டிய தாள் மழையில் நனைந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

பணத்தைவிடச் சிக்கலானது கடிதம். தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது, யார் கையில் லயத்துக்கு வந்து சேரும் என்பது யாருக்கும் தெரியாது. நேர்முகப் பரீட்சை முடிந்த பின் அழைப்புக் கடிதம் கிடைத்த கதை மலையகத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்றாவது இருக்கும். ஆகவே விண்ணப்பத்தில் நகரத்தில் நம்பிக்கையான கடை, உறவினர் வீடு, அல்லது தபாலகத்தில் நேரே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு என ஒன்றைக் கொடுப்பது நல்லது. தொலைபேசி இலக்கத்தை இடையில் மாற்றவே கூடாது. அதோடு பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பெறுபேற்றுத் தாளில் இன்னொன்று என்றிருந்தால், பிரதேச செயலகத்தில் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

அடுத்தது பிணை. அரச பயிற்சியில் சேரும்போது கட்டாயச் சேவைக்கு ஒப்பந்தம் எழுதவேண்டும். இத்தகைய ஒப்பந்தங்களுக்குப் பிணை நிற்க நிரந்தர வருமானம் உள்ளவர்களையே பொதுவாகக் கேட்பார்கள். தோட்டத்தில் நிரந்தர அரச சம்பளக்காரர் யார்? பாடசாலை ஆசிரியர்தான். கேட்பதற்கே கூசும் உதவி இது. மறுக்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. கடைசி வாரத்தில் போய் நிற்காமல் முன்பே பேசி வைப்பது இரு தரப்புக்கும் மரியாதை. மாதம் தவறாமல் சந்தா வாங்கும் தொழிற்சங்கங்கள் இந்தப் பிணைக்கு ஒரு வழி கண்டிருக்கலாம். ஏன் காணவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

காத்திருப்புக்கு வருவோம். உயர்தரப் பெறுபேறு வெளியாகி, வர்த்தமானி வந்து, நேர்முகம் நடந்து, அழைப்பு வருவதற்குள் ஓராண்டு, ஈராண்டு, சில அணிகளுக்கு அதற்கும் மேல் ஓடிவிடுகிறது. இந்த இடைவெளியில் பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், இல்லையேல் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இடைவெளி நீள நீள, "வருமா வராதா தெரியாத படிப்பு" என்று வீட்டில் பேச்சு எழும். இந்தப் பொறுமையின்மையில்தான் தனியார் நிறுவனங்கள் நுழைகின்றன.

ஹட்டனிலும் கண்டியிலும் பஸ் நிலையச் சுவர்களில் "ஆறு மாதத்தில் தாதி" என்ற தொனியில் விளம்பரங்கள் தொங்கும். எல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன். பெரிய தனியார் வைத்தியசாலைகள் முறையான பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. ஆனால் பராமரிப்பாளர் வேறு, தாதி உதவியாளர் வேறு, பதிவுபெற்ற தாதி வேறு. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவுசெய்ய முடிந்தால்தான் அந்தப் படிப்பு ஒருவரைத் தாதியாக்கும். பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பயிற்சி முடித்தவர் பேரவையில் பதிவுசெய்ய முடியுமா? பதிலை வாயால் அல்ல, தாளில் வாங்குங்கள். பராமரிப்பாளர் பயிற்சியே போதும், இஸ்ரேலுக்கோ யப்பானுக்கோ போகப் போகிறேன் என்பவர், நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்பதையும், கிடைப்பது தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழா என்பதையும் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு தொழில்தான். தாதி என்று நம்பி, பராமரிப்பாளராக வெளியே வருவதுதான் கொடுமை.

காத்திருக்கும் மாதங்களில் கைக்காசு செலவில்லாமல் சேர்க்கக்கூடிய சொத்து மொழி. மருந்துச் சீட்டும் பாடப்புத்தகமும் ஆங்கிலம். கண்டியிலோ பதுளையிலோ இடம் கிடைத்தால் வகுப்பறைப் பேச்சிலும் வாட்டிலும் சிங்களம் இல்லாமல் ஒரு நாளும் நகராது. கடைத்தெருச் சிங்களம் நம் பிள்ளைகளுக்கு வரும். உடலுறுப்புகளையும் வலியின் வகைகளையும் சொல்லும் சிங்களம் வேறு. யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ கிடைத்தால் மொழிச் சுமை குறையும், வெயிலும் நுளம்பும் கூடும். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த உடம்புக்கு முதல் மாதம் பெரும்பாடுதான். அங்கே வேறொரு காயமும் காத்திருக்கலாம். "தோட்டக்காட்டார்" என்ற சொல்லைச் சிங்களவர் மட்டும் சொல்வதில்லை. நம் வடக்கு, கிழக்கு வாசகர்கள் இதை வாசிக்கும்போது கொஞ்சம் நெளிவார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மனதைத் தயார்படுத்துவது என்றால் "தைரியமாயிரு" என்று சொல்லி அனுப்புவது அல்ல. பதினெட்டு, இருபது வயதுப் பெண் முதன்முறையாக அந்நிய ஆணின் உடலைத் துடைக்க வேண்டிவரும். சீழ், மலம், இரத்தம் எல்லாம் கையில் படும். இரவுக் கடமையில் ஒருவர் கண் முன்னால் இறப்பார். இவற்றை வீட்டில் முன்கூட்டிப் பேசலாம். வேலையில் இருக்கும் ஒரு தாதியக்காவைத் தேடிப்போய் அரை நாள் கேட்கலாம். பாட்டியைப் படுக்கையில் பார்த்துக்கொண்ட அனுபவம் உள்ள பிள்ளைகள் இங்கே அதிகம். அவர்கள் ஏற்கனவே பாதித் தாதிகள், அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

வீட்டை விட்டுப் போவதன் குற்றவுணர்வு இன்னொரு பாரம். அம்மா மத்திய கிழக்கில், தம்பி தங்கையைப் பார்ப்பது அக்கா என்ற நிலையில் உள்ள வீடுகளில் அவள் போனால் அடுப்பு யார் மூட்டுவது? இந்தக் கேள்விக்குப் புறப்படுமுன் வீட்டில் பதில் கண்டாக வேண்டும். இல்லாவிட்டால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள்.

1977இலும் 1983இலும் மலைநாட்டிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளையும் இங்கே நினைக்கிறேன். 2009இல் நான்கைந்து வயதில் மெனிக்பாம் கூடாரத்தில் இருந்தவர்களுக்கு இப்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. தாதியர் பயிற்சிக்குப் போகும் வயது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்குள் அகப்பட்ட நாட்களில் காயக்காரர்களோடு கடைசிவரை நின்ற தாதியரை அந்த வீடுகள் அறியும். அந்த நினைவிலேயே இத்தொழிலைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதே நினைவு விபத்துப் பிரிவின் மணத்தில், ஒரு குழந்தையின் கதறலில் திரும்பியும் வரலாம். வந்தால் அது பலவீனம் அல்ல. இத்தொழிலுக்குத் தகுதியில்லை என்பதும் அல்ல. மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் பயிற்சி தொடங்குமுன்பே ஒருமுறை பேசிவிடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் தொலைபேசியில் சேமித்துவைக்கலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் இந்த மலைகளைக் குலைத்துப்போட்டன. வீட்டோடு சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் உண்டு. பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைகள் திணைக்களத்திடமும், பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்திடமும் மீளப் பெறலாம். அடுத்த வர்த்தமானி வரும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வாரத்தில் அந்த வரிசைகள் மிக நீளம்.