வால் கோணினால் ஊனமா?

சுங்கை சிப்புட், கோப்பெங் பக்கம் பால்மரத் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனால் லயத்துப் பூனைகளின் வால் மாறவில்லை: சிலவற்றுக்குப் பாதி வால், சிலவற்றுக்கு நுனியில் முடிச்சு. அப்படிப் பிறக்கும் குட்டியை "ஊனக் குட்டி" என்று சொல்லிச் சந்தையோரம் விட்டுவிட்டு வருகிறார்கள். இது அநியாயம் என்பேன்.

கதவில் மாட்டி நசுங்கிய வால் என்று சிலர் சொல்வதுண்டு. கண் திறக்காத குட்டி எந்தக் கதவில் மாட்டியது? மலாய்த் தீவுக்கூட்டம், சயாம், பர்மாவில் பூனைகளின் வால் குட்டையாகவும் முடிச்சோடும் இருப்பதை டார்வின் 1868-இலேயே எழுதிவிட்டார்.

வால் என்பது முதுகெலும்பின் கடைசிப் பகுதி. சுமார் 20 சிறு எலும்புகள் அதில் உண்டு. கருவில் முதுகெலும்பு ஒரேயடியாக உருவாவதில்லை; தலைப்பக்கம் தொடங்கி வால்நோக்கி, கடிகாரம் அடிப்பதுபோல, துண்டு துண்டாகப் பிரிகிறது. அந்தத் தாளத்தைக் காக்கும் மரபணுக்களில் ஒன்று 'ஹெஸ்7'. ஜப்பானியக் குட்டைவால் பூனைகளில் இந்த மரபணுவில் ஓரெழுத்து மாறியிருப்பதை 2016-இல் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தாலும் குட்டி பிழைக்கிறது, ஓடுகிறது, எலி பிடிக்கிறது.

எல்லா வாலில்லாப் பூனைக்கும் இது பொருந்தாது. ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவின் மாங்ஸ் பூனைக்கு வால் போவது வேறொரு மரபணுவால். பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்தால் கரு வயிற்றிலேயே இறந்துவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலும் சில குட்டிகளுக்கு முதுகெலும்பு மூடாமல் போகும். பின்னங்கால் இழுக்கும், சிறுநீர் அடங்காது. இது தெரிந்தும் "வாலில்லாதது அழகு" என்று இணைசேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்தாலும் இப்படி நேரலாம். படைக்குத் தரும் கிரிசியோஃபுல்வின் மாத்திரையைச் சினைப்பூனைக்குக் கொடுத்தால் குட்டிகளின் முதுகெலும்பு கெடக்கூடும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பூனைக்குப் பொடித்துப் போடுகிறவர்கள் கவனிக்க.

ஆகவே வாலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காலைப் பாருங்கள். மூன்று வாரத்தில் குட்டி தத்தித் தத்தி நடக்கும். நான்கு காலும் ஊன்றினால் வால் எப்படிக் கோணியிருந்தால் என்ன? பின்னங்கால் இழுத்தாலோ, எப்போதும் ஈரமாகவே கிடந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குணமாகாது என்று அவர் சொன்னால், வலியில்லாமல் அனுப்பி வைப்பதும் அவர் வேலைதான். சந்தை நாய்களின் வேலையல்ல.

ஈப்போ பள்ளி அறிவியல் கழகம் ஏதாவது ஒன்று இதை எடுத்துச் செய்யலாம். தாய்க்கு எப்படி வால், குட்டிகளில் எத்தனைக்கு முடிச்சு, எத்தனை நன்றாக நடக்கின்றன என்று ஒரு வருடம் நோட்டில் குறித்தால் போதும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.