வலிப்புக்கு இரண்டு மாத்திரைகள்

தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். ஆண்டிபட்டி, தேனி வட்டாரத்து மில்களில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண்களுக்கும், விடியுமுன் ஜீப்பேறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டம் போகிறவர்களுக்கும் தூக்கம் ஏது? வலிப்பு கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் ஒரு பயனுமில்லை. மாத்திரைதான் காக்கும். எந்த மாத்திரை என்பதே நமது கேள்வி.

வால்புரோயேட், லெவடிரசிட்டம் என்று இரண்டு உண்டு. முன்னது 1967ல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. பின்னது 1999ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புதியதுதான் உசத்தி என்று கம்பெனிக்காரர் சொல்லலாம். நாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. மூளை முழுவதையும் ஒரே சமயத்தில் பற்றும் வகை வலிப்பைப் பழைய வால்புரோயேட்டே நன்றாக அடக்குகிறது என்று 2021ல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி காட்டிற்று. லெவடிரசிட்டம் சாப்பிடுவோரில் சிலருக்குக் காரணமின்றிக் கோபமும் மனச்சோர்வும் வருகின்றன.

ஆனால் பெண்கள் விஷயம் வேறு. கர்ப்பிணி வால்புரோயேட் சாப்பிட்டால், பிறக்கும் 10 குழந்தைகளில் ஒன்றுக்கு அங்கக் குறை ஏற்படுகிறது. மூன்று நான்கு குழந்தைகள் பேச்சிலும் படிப்பிலும் பின்தங்குகின்றன. லெவடிரசிட்டத்தில் இப்படிப்பட்ட ஆபத்து காணப்படவில்லை. ஆகவே பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு, வேறு வழி இருக்கும்வரை, வால்புரோயேட் கொடுக்கலாகாது என்பதே நமது கருத்து.

நம் வீடுகளில் நடப்பதென்ன? வரன் தட்டிப்போகும் என்று பெண்ணின் நோயை மறைக்கிறோம். திருமணத்துக்கு வலிப்பையும் ஒரு தடையாக வைத்திருந்த விதி, இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999லேயே நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்டாலும் ஊர் விடவில்லை! புகுந்த வீட்டில் அவள் ஒளித்துச் சாப்பிடுகிறாள், அல்லது பயந்து நிறுத்துகிறாள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிரையே பறிக்கலாம். எனவே இதைப் படித்துவிட்டு எந்தச் சகோதரியும் மாத்திரையை வீசிவிடக் கூடாது. கர்ப்பத்திற்கு முன்பே டாக்டரிடம் போய், "இது வால்புரோயேட்டா? மாற்ற முடியுமா?" என்று கேட்க வேண்டும். போலிக் அமில மாத்திரையும் கேட்க வேண்டும்.

கேட்காமலே சொல்வது டாக்டரின் கடமை. மாத்திரைக்காக மாதந்தோறும் ஒருநாள் கூலியை இழந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போவது கூலிக்காரர்களால் ஆகிற காரியமா? ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் இரண்டு மருந்துகளும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். வலிப்புள்ள தொழிலாளியை இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாற்றும்படி மில் சங்கங்கள் நிர்வாகத்திடம் கோர வேண்டும். அதைச் சாக்கிட்டு வேலைநீக்கம் செய்ய விடக்கூடாது.